சாம்பிராணி குடித்த கார்

வெள்ளிக்கிழமை காலையில் கணவர் கன்னையா சொன்ன ஒரு வார்த்தையில் தங்கமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திங்கக்கிழமை காரைக் கொடுத்துடறேன். பிரிச்சு ஸ்பேர் பார்ட்ஸா விக்கிறவன் வந்து இழுத்துட்டுப் போவான். ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு ஜெயராஜ் அவன் புதுக் காரை எடுத்துட்டு வரட்டும். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாராம்! யாரைக் கேட்டுச் சொன்னார்? பதினேழு வருடமாக மலேசியாவின் கிள்ளான் ஊரில் கல்யாணக் கார் என்றால் அந்த வெள்ளைக் கார்தான். கன்னையா ஓட்டுவார், தங்கமணி மடியில் பூத்தட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். கோயில் வாசலில் கதவைத் திறந்து, பெண்ணின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, கையைப் பிடித்து இறக்கிவிடுவது அவள் வேலை. கார் போனால் அவளும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

எல்லாம் காரைக் குளிர்விக்காத அந்தப் பாழாய்ப்போன ஏர்கோனால் வந்த வினை. ஒரு வருடமாகவே மக்கர். போன ஜூன் மாதம் குணபூசணி டீச்சரின் மூத்த மகளை பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது, பெட்டாலிங் ஜெயா நெரிசலில் பெண் வெந்துபோய், கண்மை கன்னத்துக்கும் பொட்டு மூக்குக்கும் இறங்கிவிட்டன. இந்த ஞாயிறு இளைய மகளுக்குக் கல்யாணம். டீச்சர் பழகிய தோஷத்துக்கு மறுபடியும் இவர்களையே கூப்பிட்டிருந்தார். கூடவே கன்னையாவிடம், "இந்தத் தடவையும் வேர்த்துதுன்னா, ஊர் பூரா சொல்லிடுவேன்" என்றும் சொல்லி வைத்திருந்தார்.

வொர்க்ஷாப் பக்கிரிசாமி மூன்று தடவை கேஸ் ஏற்றிவிட்டு, கடைசியில் கம்ப்ரசரே போச்சு என்று கையை விரித்துவிட்டான். தங்கமணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லாம் இதே தொழில் செய்யும் ஜெயராஜின் கண் என்பது அவள் தீர்ப்பு. புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து அவன் இவர்கள் காரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

அதனால் திருஷ்டி கழிப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி காருக்குள் சாம்பிராணி போடுவது முதல் நாளிலிருந்தே வழக்கம். ஏர்கோன் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் செவ்வாயையும் சேர்த்துக்கொண்டாள். அமாவாசையையும் விடவில்லை. கண்ணாடியை ஏற்றி, காற்றை முழு வேகத்தில் வைத்து, தூபக்காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். புகை மூலை முடுக்கெல்லாம் போக வேண்டாமா?

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் சாமியறையைத் துடைக்க உட்கார்ந்தாள். சன்னல் கொசுவலையில் கருப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. பத்து வருடச் சாம்பிராணிப் புகை! சோப்புத் துணியால் அழுத்தித் தேய்த்ததும், அடைத்த ஓட்டைகள் திறந்து, ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் அடித்தது.

தங்கமணியின் கை அப்படியே நின்றது.

அடுத்த நிமிடம் காரில் இருந்தாள். சாவியைத் திருகி, ஏர்கோனைப் போட்டு, நாள்காட்டித் தாள் ஒன்றைக் காற்று வரும் துவாரத்தின் முன் பிடித்தாள். உள்ளே காற்றாடி இரைகிற இரைச்சலுக்குத் தாள் பறந்திருக்க வேண்டும். அது லேசாகக்கூட அசையவில்லை. சிறிது நேரம் ஓடவிட்டு, இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினாள். உள்ளிருந்து கம்ப்ரசருக்கு வரும் குழாயில் வெள்ளையாக ஐஸ் பூத்திருந்தது. ஆக, குளிர் இருக்கிறது. அது வெளியே வரத்தான் வழி இல்லை.

"அட கடவுளே, நான்தானா அது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜெயராஜை எத்தனை வெள்ளிக்கிழமை வாயாரத் திட்டியிருப்பாள்! வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் உள்ளே போனாள், ஒரு போன் போட்டாள், பிறகு கன்னையாவைக் காரோடு வொர்க்ஷாப்புக்குக் கிளப்பினாள்.

"டேஷ்போர்டைக் கழட்டி உள்ள இருக்கிற கூலிங் காயிலை எடு, பக்கிரி."

"அக்கா, அதெல்லாம் ஒரு நாள் வேலை லா. கம்ப்ரசர்தான் போச்சுன்னு சொல்றேன்ல?"

"நீ சொல்றதை மூணு தடவை கேட்டாச்சு. நீ கழட்டுறியா, இல்ல அந்த ஸ்பானரை இங்க கொடு, நான் கழட்டுறேன்."

பக்கிரிசாமி கன்னையாவைப் பார்த்தான். "என்னைப் பார்க்காதே தம்பி, எனக்கே வீட்டுல இந்த நிலைமைதான்" என்றார் அவர்.

மத்தியானத்துக்குள் கூலிங் காயில் வெளியே வந்தது. தகட்டு இடுக்குகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தார் ஊற்றி மெழுகியது போல் ஒரே கருப்பு, அதன்மேல் சாம்பல். பக்கிரிசாமி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"என்னாக்கா இது, கர்ப்பக்கிரகம் மாதிரி மணக்குது?"

தங்கமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை உள்ள வச்சு சாம்பிராணி போட்டேன். இப்ப என்னாங்கிறே? கழுவுற வழியைப் பாரு."

கன்னையாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. ஒரு வருடமாக அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வோர் இடுக்காக அவளே தேய்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமி எல்லாவற்றையும் பூட்டி, கேஸ் ஏற்றி, ஏர்கோனைப் போட்டான். நாள்காட்டித் தாள் அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பின் சீட்டுக்குப் பறந்தது. "சரிதான் லா, அக்கா! கம்ப்ரசர் கல்லு மாதிரி இருக்கு" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

ஞாயிறு காலை ஃபெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயா பக்கம் வழக்கம்போல் ஜேம், வண்டிகள் நகரவில்லை. தார் கொதித்தது. பக்கத்துக் கார்களில் கண்ணாடியை இறக்கிவிட்டு நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் காருக்குள் மணப்பெண் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"ஆன்டி, கொஞ்சம் குறைங்க லா. பல்லு தந்தி அடிக்குது."

தங்கமணி திரும்பிப் பார்த்தாள். பெண்ணுக்குப் பக்கத்தில் குணபூசணி டீச்சர் பட்டு முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்.

"டீச்சர், வேர்க்குதா?"

"போதும் தங்கமணி, மானத்தை வாங்காதே. குறைச்சுடு" என்று டீச்சர் சிரித்தார். தங்கமணிக்கு அந்த இடத்திலேயே எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. பூத்தட்டு மடியில் இருந்ததால் குதிக்கவில்லை.

கார் நகர ஆரம்பித்ததும் கன்னையா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு வரச் சொன்னவன்கிட்ட கார் கொடுக்கலேன்னு சொல்லணும்."

"வெள்ளிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமையா? காயிலைக் கழட்டுறதுக்கு முன்னாடியேவா? யாரைக் கேட்டுச் சொன்னே?"

"நீங்க யாரைக் கேட்டு அவனை வரச் சொன்னீங்களோ, அவங்களைக் கேட்டுத்தான்" என்றாள் தங்கமணி, பெண்ணுக்காக ஏர்கோனை ஒரு புள்ளி குறைத்தபடி.