நான்காம் எண் கழுத்து

தரை துடைக்கும் திரவத்துக்கு எலுமிச்சை வாசனை, ஊதுவத்திக்குச் சந்தன வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி இந்த இரண்டையும் தயாரித்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. பிறகு முதலாளி தட்சிணாமூர்த்தி மும்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார்.

"யோவ் உத்தமன், இன்னும் எத்தனை நாளைக்குத் தரைக்கே வாசனை போட்டுக்கிட்டு இருக்கறது? மனுஷங்களுக்குப் போடுவோம்" என்றார்.

நான் ஸ்டோர்ஸ். எது போட்டாலும் டப்பா என்னிடம்தான் வரும். சரி என்றேன்.

அப்படிப் பிறந்ததுதான் 'லிச்செல்லா'. லிச்சிப் பழமும் பியோனிப் பூவும் கலந்த, வேலைக்குப் போகும் இளம்பெண்களுக்கான மெல்லிய வாசனை. பியோனியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. எப்படி இருக்கும் என்று முதலாளி கேட்டதற்கு, ஆலோசகர் கிருபாகரன் சற்று யோசித்து, "நம்ம சாமந்தி நல்லா சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மாதிரி" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது.

கிருபாகரன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் மற்ற கம்பெனிகள். பிரான்சில் மூன்று மாதம் படித்தவர். அந்த மூன்று மாதத்தை முப்பது வருடமாக நீட்டிப் பேசத் தெரிந்தவர். மூக்கை இன்ஷூர் பண்ண முடியுமா என்று விசாரித்து வைத்திருப்பதாக முதல் நாளே சொன்னார். இரண்டு வாசனைகளுக்கு நடுவில் மூக்கைக் கழுவிக்கொள்ள ஒரு கிண்ணம் காப்பிக்கொட்டை வேண்டும் என்றார். வாங்கி வைத்தோம். அடுத்த வாரம் கிண்ணம் காலி. அக்கவுண்ட்ஸில் யாரோ அரைத்து டிகாஷன் போட்டுவிட்டார்கள். நன்றாக இருந்தது என்று கேள்வி.

சோதனைக்கு எங்கள் பேக்கிங் பிரிவிலிருந்து ஐந்து பெண்கள், லேபிலிருந்து ஆக்னஸ், ஆக ஆறு பேர். காலை ஒன்பதுக்கு லிச்செல்லாவைத் தெளித்துக்கொண்டு வழக்கமான வேலையைப் பார்க்க வேண்டும். மாலை நான்குக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப்படும். பிரான்சில் மணிக்கட்டில் தெளிப்பார்களாம். இங்கே மதியம் கையால் பிசைந்து சாப்பிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று தெரிந்ததும் கிருபாகரன் இடத்தைப் பின்கழுத்துக்கு மாற்றினார். பெண்களின் கழுத்தை அவர் நேரில் முகர்வது சரியாக வராது. ஆகையால் ஆக்னஸ் ஒவ்வொரு கழுத்திலும் ஒரு காகிதப் பட்டையைத் தேய்த்து, எண் எழுதி, அவர் இருக்கும் ஏசி அறைக்குக் கொண்டுவருவாள். அவர் முகர்ந்து சொல்லுவார். நான் எழுதிக்கொள்வேன். யாருடைய கழுத்தையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதுதான் விஞ்ஞானம் என்றார்.

ஆக்னஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவள். நாற்பத்துநான்கு வயது. ஒன்பது வருடம் ஃபில்லிங் லைனில் நின்றுகொண்டே பாட்டில் நிரப்பியதில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஐந்து மாதம் முன்புதான் லேபில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. அந்த ஸ்டூல் தற்காலிகம். உயரமான இரும்பு ஸ்டூல், ஒரு கால் ஆடும், அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தாள். அவள் அதில் உட்காரும்போது விடுகிற மூச்சை வைத்தே அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை நான்கு மணி. கிருபாகரன் ஒன்றாம் எண் பட்டையை மூக்குக்கு அருகே ஆட்டினார். கண்ணை மூடினார். திறந்தபோது வேறு மனிதராக இருந்தார்.

"ஜாஸ்மின்" என்றார். "ஏழு மணி நேரம் கழிச்சு, உயிரோட."

முதலாளி ஃபார்முலாத் தாளைப் பார்த்தார். "இதுல மல்லி போடலியே?"

"அதான் சார் அழகு. லிச்சி மேல பியோனி ஏறி, நம்ம ஊர்த் தோல்ல பட்டு, ஹார்ட் நோட்ல ஜாஸ்மின் தானா பிறக்குது. ஐரோப்பாவுல இது நடக்காது."

இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, எல்லாவற்றிலும் ஜாஸ்மின் பிறந்திருந்தது. நான்கில் மட்டும் ஒன்றுமில்லை. கொஞ்சம் வியர்வை, அவ்வளவுதான்.

"நாலு யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஆக்னஸ்.

கிருபாகரன் அவளைக் காலாவதியான மருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இவங்க ஸ்கின் பெர்ஃப்யூமைத் தின்னுடுது சார். லேப்ல இப்படி ஒரு ஸ்கின் இருக்கறது ஆபத்து. ரிசல்ட் எல்லாத்தையும் கெடுத்துடும்."

முதலாளி அன்றைக்கே, ஒரு மணி நேரம் கூட்டி, 'எட்டு மணி நேர மல்லிகை மணம்' என்று அச்சடித்த அட்டைப்பெட்டி நாலாயிரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். ஆக்னஸிடம், "அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ பாப்போம்மா. அப்பவும் இப்படியே வந்தா நீ ஃபில்லிங்குக்கே போயிடு. அங்க தோல் எப்படி இருந்தாலும் பரவால்ல" என்றார். மனிதர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் வாசலில் பேக்கிங் தேவிப்பிரியாவும் ஆக்னஸும் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவிப்பிரியா இரண்டாம் எண். நான் உள்ளே டேப் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு இணுக்கு வெச்சிக்கோயேன்க்கா. கொண்டைக்குள்ள சொருவிக்கினா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"ஆமா, உன் பாஸ்டர் வந்து முடியப் பிரிச்சிப் பாக்கப் போறாரு. கால வெச்சிகினு திரும்ப லைன்ல நிப்பியா? லூசாக்கா நீ?"

"நான் பூ வெச்சி இருவது வருசம் ஆவுது தேவி. இந்தாளு மூக்குக்காவ வெக்கச் சொல்றியா?"

டேப் கணக்கு எனக்குத் தப்பிவிட்டது.

ஆக்னஸுக்குப் பேர் வைத்தது கத்தோலிக்கச் சபை. கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வீட்டோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனாள். அங்கே நகையும் கிடையாது, பூவும் கிடையாது. மற்ற ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை பூ வைக்காமல் வேலைக்கு வரமாட்டார்கள். எஸ்டேட் கேட் அருகில் மல்லிப்பூ விற்கும் தாயம்மாளிடம் வாங்கிப் பின்னலில் வைத்தால், அது நேராகப் பின்கழுத்தில் உட்கார்ந்திருக்கும். பிரான்சிலிருந்து வந்த விஞ்ஞானம் தேடிக் கண்டுபிடித்த அதே இடத்தில்.

வெளியே வந்து, "இதை ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"சொன்னேனே சார். சனிக்கெழமயே மொதலாளி ரூமுக்குப் போய், சார் அது பூ வாசன சார்னு சொன்னேன். ஆமாம்மா, பூ வாசனைதான், கிலோ எவ்ளோ தெரியுமா அதுன்னாரு."

"விளக்கிச் சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் தொறந்தா, கிருபாகரன் சாரக் கேளுன்றாரு. நீங்க சொல்றீங்களா?"

நான் டேப் எண்ணப் போய்விட்டேன். எனக்கும் இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஒன்பதுக்குத் தெளித்தாயிற்று. மூன்றரைக்கு ஆக்னஸ் பட்டைகளோடு பேக்கிங்குக்குள் போனாள். ஐந்து கழுத்து, தன் கழுத்து. பிறகு அறைக்கு வராமல் கேட்டைப் பார்த்து நடந்தாள். என்ன நினைத்தேனோ, நானும் பின்னால் போனேன்.

தாயம்மாள் கூடையின் மேல் ஈரத்துணியை விரித்துவிட்டுப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் பட்டை பட்டதும் துள்ளினாள்.

"இன்னாடி இது, கொரோனாவா? மூக்குல வுடுவியா?"

"கம்முனு இரு. கழுத்துதான்."

"காச்சல் கீதான்னு பாக்கிறியா? காச்சல்லாம் இல்ல. அந்தத் தொப்பக்கார சாரு தும்மிகினே மூணு மொழம் வாங்கிகினு போனாரே, அவருக்குப் பாரு."

ஆக்னஸ் பட்டையில் ஏழு என்று எழுதினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கே இல்லாதவன்போல் நின்றேன். எனக்கு நன்றாக வரும் வேலை அது.

அறையில் கிருபாகரன் நாலாம் எண்ணிலிருந்து தொடங்கினார். முகர்ந்தார், முதலாளியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முதலாளி ஆக்னஸைப் பார்த்தார். "சரி, திங்கக்கிழமை…" என்று ஆரம்பித்தார்.

"மீதியையும் பாத்துடுங்க சார்" என்றாள் அவள்.

ஒன்று, ஜாஸ்மின். இரண்டு, ஜாஸ்மின். எல்லாம் போன வாரம்போல. கடைசியில் ஏழு. கிருபாகரன் அதை முகர்ந்துவிட்டுக் கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், இதுதான். இந்த ஸ்கின்தான். நான் மனசுல நெனச்ச லிச்செல்லா இதுதான். இதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் டிராஃப்ட்."

அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது. மூக்கு இரண்டு வாரமும் உண்மையைத்தான் சொன்னது. அவர்தான் கேட்கவில்லை.

முதலாளி விரலை மடக்கி எண்ணினார். "ஆறு பேர்தானே?"

"ஏழாவது தாயம்மா சார். கேட்டாண்ட பூ விக்குதே, அது."

"அவங்களுக்கு எப்ப ஸ்ப்ரே பண்ணீங்க?" என்றார் கிருபாகரன்.

"பண்ணலியே சார்."

முதலாளி எழுந்து கதவைத் திறந்து, தேவிப்பிரியாவைக் கூப்பிட்டார். வந்தாள். "திரும்பும்மா" என்றார். திரும்பினாள். ஒன்றரை முழம், நெருக்கமாகக் கட்டியது. அந்தத் தலை பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் பூவோடுதான் எங்கள் முன்னால் போய்வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை நின்று பார்த்தோம்.

"யாரும்மா இன்னிக்குப் பூ வெக்கச் சொன்னது?"

"வெள்ளிக்கெழம சார்" என்றாள் தேவிப்பிரியா, சூரியன் கிழக்கில்தான் உதிக்கும் என்கிற மாதிரி. "ஆயுத பூசைக்கு நீங்களே ஆளுக்கு ஒரு மொழம் குடுத்தீங்களே."

"டெஸ்ட் நாள்ல வெக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. பிரான்சில் சொல்லித்தரவில்லை. முதலாளி கிருபாகரனைப் பார்த்தார். இனி ஆலோசகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் உலகம் தெரியவில்லை. அவர் தண்ணீர் குடித்தார், கைக்குட்டையால் வாயை ஒற்றினார்.

"இதுக்காகத்தான் சார் நான் நாலாம் நம்பரைப் போன வாரமே தனியா குறிச்சு வெச்சேன். குழுவுல ஒப்பிட்டுப் பாக்க ஒரு ரெஃபரன்ஸ் ஸ்கின் அவசியம். இவங்கதான் அது. இவங்க இல்லாம எந்த டெஸ்ட்டும் செல்லாது."

ஆக்னஸ் அவரைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தாள். "அப்ப திங்கக்கெழம நான் எங்க சார் ஒக்கார்றது?"

"எங்க ஒக்காந்துகிட்டு இருந்தியோ அங்கதான்." பிறகு, இந்த இரண்டு வாரத்தில் முதல் முறையாக, "நீயே சொல்லும்மா. அது எப்படித்தான் இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீது சார். அடிச்ச ஒடனே கப்புல விப்பாங்களே, பழ ஜெல்லி, அந்த வாசன. கொழந்தைங்களுக்குப் புடிக்கும். அப்பால குளிச்சிட்டு வந்த மாரி ஒரு அர மணி நேரம், சொம்மா சொல்லக் கூடாது, மனசுக்கு நல்லா கீது. பதனோரு மணி டீ வர்றதுக்குள்ள பூடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

கிருபாகரன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அறிக்கையில் 'ஜெலட்டினஸ் ஃப்ரூட் ஓப்பனிங்' என்று வந்தது.

ஃபார்முலா மாற்றுகிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புது பாட்டில் வருகிறது. சோதனை நாளில் பூ வைக்கக் கூடாது என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். பேக்கிங்கிலிருந்து ஐந்து பேரும் போய், அப்படியானால் சோதனைக்கு நாங்கள் வரவில்லை என்றார்கள். வேறு நாளைக்கு மாற்றலாம் என்றால் கிருபாகரனுக்கு வெள்ளிக்கிழமைதான் ஒழியும். ஆகவே இப்போது குழுவில் ஆக்னஸ் மட்டும்தான். அறிக்கையில் 'எமது ஆய்வுக்குழு' என்றே இருக்கிறது. போன மாதம் அவளை நிரந்தரமாக்கினார்கள். ஸ்டூலுக்குப் பதிலாக முதுகு வைத்த நாற்காலி கேட்டாள். என்னிடம் ஒன்று இருந்தது, கொடுத்துவிட்டேன்.

அட்டைப்பெட்டி நாலாயிரமும் என் ஸ்டோர்ஸில், கூரை வரைக்கும் நிற்கின்றன. எட்டு மணி நேர மல்லிகை மணம்.

இன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிருபாகரன் லேப் கதவைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "என்ன மேடம், இருக்கா?" என்று கேட்டார்.

ஆக்னஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே ஒரு பட்டையைக் கழுத்தில் தேய்த்து முகர்ந்தாள்.

"பூடுச்சி சார்" என்றாள்.