திரையில் பொருந்திய மருந்து

அப்பாவின் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் மகள். உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்ன, அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

நர்ஸ் கையெழுத்துக்காகக் காகிதக் கட்டை நீட்டினாள். புரட்டும்போது நடுவில் ஒரு தாள் கண்ணில் பட்டது. நான்கு மாதத்துக்கு முன், புற்றுநோய்க்கான இரண்டாம் சுற்று ஊசி வேண்டாம் என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். இவளிடம் மூச்சுக்கூட விடவில்லை.

"நாங்க எவ்வளவோ சொன்னோம். ஊசியால உடம்பு கெட்டுப் போச்சுன்னா மக கொண்டுவர்ற மருந்து ஒத்துக்காதுன்னு பிடிவாதமா இருந்துட்டாரு," என்றாள் நர்ஸ்.

மகள் தாளில் இருந்த தேதியைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கிடைச்சிடுச்சுப்பா" என்று போனில் கத்தியிருந்தாள். முனைவர் பட்டத்துக்காக அவள் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, அப்பாவுக்கு வந்த அதே புற்றுநோய்க்கு ஒரு புது மூலக்கூறை வரைந்து கொடுத்திருந்தது. திரையில் அது அந்தப் புற்றை வளர்க்கும் புரதத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. மூன்றே வாரத்தில் ஆய்வகத்து வேதியியலாளர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இதை எந்தக் குடுவையிலும் செய்ய முடியாதம்மா, செய்தாலும் தண்ணீர் பட்டதும் உடைந்துவிடும் என்றார். அதை அப்பாவிடம் சொல்ல வெட்கம். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். எப்போது வரும் என்று அவர் கேட்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்றாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

லிப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா சரியான ஓட்டைவாய். பழுது பார்க்கப் போன மாடியிலெல்லாம் மகளின் படிப்பைப் பேசிவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஆஸ்பத்திரியில் மட்டும் சும்மா இருந்திருப்பாரா?

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கமான மனுஷன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மருந்து வந்ததும் எங்களுக்கும் தரச் சொல்றேன்னு அண்ணன் சொல்லியிருந்தாரும்மா. அதை நம்பித்தான் இவருக்கும் ஊசி வேண்டாம்னுட்டோம்."

கட்டிலில் இருந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, மரியாதையாகத் தலையை அசைத்தார். நாற்பது வயதுகூட இருக்காது.

இந்த முறை அவள் தள்ளிப்போடவில்லை. "அப்படி ஒரு மருந்தே இல்லக்கா. கம்ப்யூட்டர் வரைஞ்சு காட்டுச்சு, அவ்வளவுதான். செய்ய முடியாது. நான்தான் அப்பாகிட்ட சொல்லாம விட்டுட்டேன். இன்னிக்கே ஊசி போட்டுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு. மககிட்ட கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா, தன் பெருமைய தானே பேச மாட்டா, நீங்க விட்டுடாதீங்கன்னு."

மகள் மறுபடி சொன்னாள். உரக்கச் சொன்னாள். நர்ஸைக் கூப்பிட்டு, நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். நர்ஸும் சொல்லிப் பார்த்தாள். அப்பாவைப் பறிகொடுத்த பெண், பாவம், ஏதேதோ பேசுகிறது என்று அந்த அம்மாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு கணவரின் வயது, எடை, போன் நம்பர் எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்த துண்டுச் சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.