முந்தைய நாள் மாலை நான்கு மணி

பட்டியலில் இருநூற்றுப் பதினெட்டாம் எண் மசோதாவுக்கு எதிரே இருந்த கட்டத்தை மட்டும் மார்லிஸ் காலியாக விட்டிருந்தாள். மற்ற முப்பத்தொரு மசோதாக்களுக்கும் வெள்ளிக்கிழமையே எழுதி முடித்தாயிற்று. சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் தொண்ணூறு நாள் கூடும். அந்தத் தொண்ணூறு நாளும் மாநிலத் தலைநகரான ஹெலெனாவில் யாரோ எழுதும் ஒவ்வொரு வரியும் சேஜ்ஃபோர்க் கவுண்டியின் பாதையையோ, பாலத்தையோ, சிறையின் இரண்டே இரண்டு அறைகளையோ எந்த இடத்தில் வந்து தொடும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. திங்கட்கிழமை காலை கவுண்டியின் மூன்று ஆணையர்களும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவள் எண்ணைச் சொல்லி, விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்வாள். ஆதரவு, எதிர்ப்பு, கவனிப்போம் என்று அவர்கள் ஏதாவது ஒன்றைச் சொல்ல, கட்டம் நிறையும். பெரும்பாலும் அவள் முன்பே எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"இது என்ன, பல்லு விழுந்த மாதிரி ஒண்ணு காலியா இருக்கு?" என்றார் டேரல் ஹௌகன். மூவரில் மூத்தவர். எத்தனை முறை கழுவினாலும் அவர் கையில் மாட்டு மருந்தின் வாசம் போகாது.

"தேனீ மசோதா. ரோட்டோரம் களைக்கொல்லி தெளிக்கிறதுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் முன்னாடி, மூணு மைலுக்குள்ள பெட்டி வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் கவுண்டி தகவல் சொல்லணுமாம்."

"அதாவது உன் வீட்டுக்காரன் மசோதா."

"மசோதா நம்ம சட்டமன்ற உறுப்பினரோடது."

"அவர் காதுல ஓதினது யாரு? போன ஆகஸ்ட்ல சந்தை மைதானத்துல ஓடெல் அவரைப் பிடிச்சவன் ஒரு மணி நேரம் விடலையே. அந்த மனுஷன் கையில இருந்த ஐஸ்கிரீம் உருகி பூட்ஸ்ல சொட்டுச்சு. நான் பார்த்தேன்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மார்லிஸுக்கும் சிரிப்பு வந்தது. டேரல் சிரிக்கவில்லை. "ஒரு ஆளு, ஒரு லாரி, அறுநூறு மைல் ரோடு. காத்து அடிக்குமா அடிக்காதான்னு மருந்து தெளிக்கிற ரஸ்ஸுக்கே கடைசி நேரத்துலதான் தெரியும். காத்து என்ன ரெண்டு நாள் முன்னாடி கடுதாசி போட்டுட்டா வருது? எதிர்ப்புன்னு போடும்மா. நான்தான் போடச் சொன்னேன்னு ஓடெல்கிட்ட சொல்லிடு."

"ஆபீஸ் விஷயம் எதையும் நான் வீட்டுல பேசறதில்ல."

"அது இந்த ஊருக்கே தெரியுமே," என்றார் டேரல். அதில் கேலியில்லை, மரியாதைதான் இருந்தது. அந்த மரியாதைதான் மார்லிஸின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எதிர்ப்பு என்று எழுதினாள்.

ஊர் சொல்வது உண்மைதான். யார் வீட்டு நிலம் ஏலத்துக்கு வருகிறது, எந்தப் பள்ளிக்கூடம் மூடப்போகிறது, ஷெரீஃப் எதற்காக ராஜினாமா செய்தார், எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒரு சொல்கூட அவள் வீட்டு வாசப்படியைத் தாண்டியதில்லை. ஓடெலும் கேட்டதில்லை. "என் பொண்டாட்டி வாயும் தேன்பெட்டியும் ஒண்ணு. நாமளா திறந்தா கொட்டும்," என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பான். அதைக் கேட்டு அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை எப்போதும் இருந்தது.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, கவுண்டியின் களை ஒழிப்புத் துறையில் ஒரே ஆளான ரஸ் அவள் மேசைக்கு வந்து, வியாழன் பலத்த காற்று அடிக்கும் என்கிறார்கள், அதனால் வில்லோ ஓடைச் சாலையோரம் நாளைக்குக் காலை எட்டு மணிக்கே மருந்து தெளித்துவிடுகிறேன் என்றான். அவள் நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள். வில்லோ ஓடைச் சாலையின் இரண்டு பக்கமும் அப்போது ஊதாப் பூ முட்டிக்கால் உயரத்துக்குப் பூத்துக் கிடந்தது. கவுண்டியின் பட்டியலில் அது களை. மேய்ச்சல் நிலத்தைத் தின்று தீர்க்கும் சனியன். ஓடெலுக்கு அது வருடத்தின் கடைசித் தேன். அந்தச் சாலையோரம்தான் அவனுடைய நாற்பது பெட்டிகளும் இருந்தன.

அன்று மாலை அவன் அடுக்களைத் தொட்டியில், தேனீக்களை அடக்கும் புகைக்கருவியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எட்டு மணிக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதே சாலையில் இன்னும் இரண்டு பேர் பெட்டி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லாமல் தன் புருஷனுக்கு மட்டும் சொன்னால் அது நியாயமா என்று யோசித்தாள். மூன்று பேருக்குமே சொல்லலாம்தான். சொல்லும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. விழுங்கினாள். காலையில் குளிராக இருக்கும், தேனீக்கள் வெளியே வராது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு உருளைக்கிழங்கை வேகவைத்தாள்.

அந்த வாரம் இருபத்துமூன்று பெட்டிகள் செத்தன. பெட்டி வாசல்களில் கருப்பு மணல் கொட்டியதுபோல் ஈக்கள் குவிந்து கிடந்தன. ஓடெல் துடைப்பத்தால் பெருக்க, அவள் முறத்தைப் பிடித்தாள். அப்போதும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லாததால் இன்று சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. விதியைக் காப்பாற்றினேன் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். குளிர்காலம் வந்தபோது அது விதிகூட இல்லை என்று புரிந்தது. தன்னிடமிருந்து ஒன்றும் கசியாது என்ற அந்தப் பெயர்மேல் அவளுக்கு இருந்த ஆசைதான் அது. அந்த ஆசைக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கவுண்டியின் எதிர்ப்புக் கடிதத்தை அவள்தான் எழுதினாள். அது கவுண்டியின் இணையப் பக்கத்தில் ஏறிய மறுநாள் ஓடெல் அதைக் காலை உணவு மேசையில் உரக்கப் படித்தான்.

"'காற்றின் போக்கைச் சட்டம் போட்டு நிறுத்த இயலாது.' அடேயப்பா. இதப் படிச்சா எனக்கே என் மேல கோபம் வருது."

"டேரல் சொன்னதைத்தான் எழுதினேன்."

"டேரலுக்கு இவ்வளவு எழுத வந்தா அவர் ஏன் மாடு மேய்க்கிறாரு?" என்று சொல்லி அவள் தட்டில் இன்னொரு அப்பத்தைப் போட்டான்.

மசோதாவின் மேல் கருத்துக் கேட்பு ஹெலெனாவில், பிப்ரவரியின் கடைசி வியாழன் காலை எட்டு மணிக்கு. டேரல் போய்ப் பேசுவதாக இருந்தது. புதன் சாயங்காலம் அவர் போன் செய்தார். "ரெண்டு மாடு ஒரே சமயத்துல வலி எடுத்து நிக்குது. ஒண்ணு தலைச்சன் ஈத்து, கன்னு தலைகீழா இருக்கு. மத்த ரெண்டு ஆணையர் நிலைமையும் இதேதான். நீயே போய் கடிதத்தைப் படிச்சிரும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

ஹெலெனாவுக்குப் போகும் கணவாயில் பனி. அதில் இரண்டு வண்டி எடுப்பானேன்? காலை ஐந்து மணிக்கு ஓடெலின் பழைய லாரியில் இருவருமே கிளம்பினார்கள், அவன் ஆதரவாகப் பேச, அவள் எதிராகப் பேச. ஃபிளாஸ்கில் காப்பியும், முந்தைய நாளின் இறைச்சி ரொட்டியும் இருந்தன. வழியெல்லாம் அவன் தன் பேச்சை ஒத்திகை பார்த்தான்.

"எங்க தாத்தா நார்வேலருந்து வந்தப்போ..."

"தாத்தா வேண்டாம். ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. மொதல்ல பேரு, ஊரு. அப்புறம் எத்தனை பெட்டி செத்துதுன்னு சொல்லு. துடைப்பத்தைப் பத்திச் சொல்லு."

"எனக்குச் சொல்லிக் குடுத்து உன் கட்சியத் தோக்கடிக்கப் போற."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

அவன் சிரித்தான். விளக்கொளியில் பனித்துகள் சாரை சாரையாக எதிரே வந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இறக்கம் வந்ததும் சொல்லலாம். இறக்கம் வந்தது. பேச்சை மறந்துவிடுவானே, பேசி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். அதுவும் அன்பினால்தான் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

சட்டமன்ற வேளாண்மைக் குழுவின் அறை சிறியது, வெப்பமாக இருந்தது. ஆதரவாளர்கள் முதலில். ஓடெல் எழுந்து போனான், தன் பெயரைச் சொல்ல மறந்தான், குழுத் தலைவர் கேட்ட பிறகு சொன்னான். கழுத்துப்பட்டையில் ஒரு விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டே பேசினான். துடைப்பத்தைச் சொன்னான். "என் மனைவி முறத்தைப் பிடிச்சா," என்றான். கடைசியில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னான்: "எனக்கு ரெண்டு நாளெல்லாம்கூட வேண்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ராத்திரியே ஈரச் சாக்கு போட்டு வாசலை மூடியிருப்பேன். அத்தனையும் பொழைச்சிருக்கும்."

எதிர்ப்பாளர்களின் வரிசையில் அவள் மூன்றாவது. பெயரைச் சொன்னதும் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"முன்னாடி பேசினவருக்கும் இதே பேருதானே?"

"என் கணவர்தாங்க, தலைவரே."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமாங்க. அவர்கிட்டதான் பனி டயர் இருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. ஓடெல் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அவளுக்குக் கேட்டது. கடிதத்தைப் படித்தாள். கடிதம் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் ஒன்றுமில்லை. உட்காரப்போனவளைக் கோடியிலிருந்த ஒரு பெண் உறுப்பினர் நிறுத்தினார். கம்பளிச் சட்டை போட்ட, வயதான, கிழக்குப் பக்கத்தில் கோதுமை பயிரிடும் கோதுமைக்காரி.

"நேரம் பத்தாதுன்னு சொல்றீங்க. சரி. போன ஜூலைல அந்த ரோட்டுல தெளிக்கப் போறாங்கன்னு கவுண்டிக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. 'விசாரித்து எழுத்து மூலமாகத் தருகிறோம்.' சங்கடமான கேள்வி எது வந்தாலும் இதைச் சொல்லுங்கள் என்று மூன்று ஆணையர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அந்த வாக்கியம் காகிதத்தின் அடியில், அவள் கையெழுத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் எங்கோ ஓடெல் இருந்தான். அவன் இன்னும் அந்தச் சிரிப்பிலேயே இருப்பான் என்று தோன்றியது.

"முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு," என்றாள்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான்தான் குறிச்சு வெச்சேன்."

"சொல்ல நேரம் இருந்ததா?"

"இருந்துதுங்க. ராத்திரி முழுக்க இருந்தது."

கோதுமைக்காரி எதையோ குறித்துக்கொண்டார். தலைவர் அவசரமாக அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஓடெல் கோபத்தில் கதவை அறையவில்லை, வேகமாக ஓட்டவுமில்லை. வளைவுகளில் எப்போதும்போல் நிதானித்தான். அவள் மடியில் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் இறங்கும்போது அவளுடைய போன் அடித்தது. டேரல். அவசரத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள்.

"கொட்டகையில உக்காந்து கூட்டத்தை நேரலையா போன்ல பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார். பின்னால் ஒரு கன்று கத்தியது. "ஏம்மா, முந்தின நாள் சாயங்காலம்னா ரஸ்ஸால சொல்ல முடியும்தானே?"

"முடியும்."

"மூணு பேருக்குப் போன் பண்ணணும், அவ்வளவுதானே. இது நம்ம யாருக்கும் தோணலையே. நாப்பத்தெட்டு மணி நேரத்தை முந்தின நாள் சாயங்காலம்னு மாத்தினா நமக்கு ஆதரவுன்னு திங்கக்கிழமை போட்டுருவோம். மத்த ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "ஓடெல் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு."

"அப்ப நான் வெச்சிடறேன்," என்று உடனே வைத்துவிட்டார்.

மலையிறங்கி வந்த வெதுவெதுப்பான காற்று வழியெல்லாம் பனியைத் தின்றிருந்தது. வில்லோ ஓடைச் சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஓடெல் திரும்பவில்லை. நேராகப் போய், மிச்சமிருந்த பதினேழு பெட்டிகளுக்கு எதிரே வேலியோரம் வண்டியை நிறுத்தி இறங்கினான். குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது, காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அவன் முதல் பெட்டியின் முன் மண்டியிட்டு, தொப்பியை எடுத்துவிட்டு, மரத்தில் காதை வைத்தான். பிறகு அடுத்தது. அதன் பிறகு அடுத்தது. அவன் முகம் ஒருமுறைகூட லாரியின் பக்கம் திரும்பவில்லை.

மார்லிஸ் ரொட்டிப் பொட்டலத்தை இருக்கையில் வைத்தாள். பிறகு தலைநகரத்துக்காகப் போட்டிருந்த நல்ல காலணியோடு சேற்றில் இறங்கி, வேலியைச் சுற்றி மறு கோடிக்குப் போனாள். கடைசிப் பெட்டியின் பக்கத்தில் முட்டிபோட்டாள். ஈரம் உடனே காலுறையில் ஏறியது. கன்னத்தை மரத்தோடு அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிக ஆழத்தில், மிக மெல்லியதாக ஏதோ ஒன்று. ஈக்கள்தானா, தன் காதுக்குள் ஓடும் ரத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?" என்றான் ஓடெல் மறு கோடியிலிருந்து. ஹெலெனாவை விட்டு வந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

அவள் கன்னத்தை எடுக்காமலே, பொறு என்று ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். அங்கே, வரிசையின் அந்த முனையில், அவனும் அசையாமல் காத்திருந்தான்.