மூன்றாம் தாளில் ஒரு மரம்

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, 'கட்டிடம் கட்டப்பட்டதா?' என்பது. அன்று காலையில் மட்டும் பதினோரு முறை 'இல்லை' என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டாவது முறை எழுதும்போது பேனா நின்றுபோனது. எங்கள் சார் பக்கத்தில் இருந்திருந்தால், "பாரு ரெக்ஸ், பேனாவுக்கே மனசு கேக்கல" என்றிருப்பார். சார் செத்து ஏழு மாதம் ஆகிறது.

சார் என்றால் ஆர்கிடெக்ட் அன்புச்செல்வன். கச்சிராயபாளையம் ரோட்டில், உரக்கடைக்கு மேலே மாடியில், முப்பது வருஷம் ஆபீஸ் வைத்திருந்தார். கள்ளக்குறிச்சியில் அவரை எல்லோரும் இஞ்சினியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் முப்பது வருஷம் சளைக்காமல் திருத்திப் பார்த்தார். கடைசியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இஞ்சினியர் என்றே போட்டு ஒட்டினார்கள். வயிற்றுக்காக அவர் கல்யாண மண்டபமும் ரைஸ் மில்லும் வரைந்தார். மனசுக்காக வரைந்தது வேறு. மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் ஒரு கூத்து மேடை, சின்னசேலம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நூலகம், வெள்ளிமலையில் மலைமக்கள் கலையரங்கம் என்று மொத்தம் பத்தொன்பது. அதில் கட்டி எழுந்தவை இரண்டு. ஒன்றில் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றில் ஆடு அடைகிறது. கலை எங்கள் பக்கம் தாள் வரைக்கும் வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

சென்னையில் ஒரு காப்பகத்தார் இந்த மாதிரி வரைபடங்களைச் சேகரிக்கிறார்கள். கலை, பண்பாட்டுக் கட்டிடங்கள் மட்டும்தான் வேண்டுமாம், ரைஸ் மில் வேண்டாமாம். சாரின் மனைவி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். பட்டியல் போடுவதற்கு எழில்மதி என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வயதிருக்கும், கையில் வெள்ளைக் கையுறை. எந்தத் தாள் எந்தக் கட்டிடம் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சாரிடம் வேலை பார்த்தவர்களில் துபாய்க்கும் திருப்பூருக்கும் போகாமல் மிஞ்சியவன் நான் ஒருத்தன்தான். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். இருபது வருஷம் வியர்வைக் கையோடு புரட்டிய தாள்களை எனக்கும் கையுறை மாட்டிவிட்டுத் தொடச் சொன்னாள். பிள்ளைப்பேறு பார்க்க வந்த டாக்டர் மாதிரி நின்றேன்.

ஆனாலும் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் 'வரைந்தவர்: ரெக்ஸ்' என்று இருந்தது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் ரெக்சின் என்று இருக்கிறது. பிழையில்லாமல் என் பெயர் நிலைக்கப்போவது இந்தக் காப்பகத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது படியில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. தோளில் ஒரு மஞ்சள் பை. வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அளவு எடுத்த தம்பி நீதான? தொப்பை போட்டுட்டியே."

எழில்மதி சிரித்துவிட்டாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சாலம்மாளுப்பா. வெள்ளிமலை. எங்க வூட்டுக்காரரு டேப்பு புடிச்சாரே, முனியன். சாமச்சோறு துன்னுட்டு இன்னொருக்கா கேட்டியே."

சாமைச்சோறு வந்ததும் எல்லாம் வந்தது. இரண்டாயிரத்து மூன்று, மார்கழி. சார் ஜீப்பிலேயே குல்லாவோடு உட்கார்ந்துவிட்டார். நானும் முனியனும் இடத்தை அளந்தோம். டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு முனியன் பாறை பாறையாகத் தாவினார். நடுவில் அவர்கள் வீடு. மண்சுவர், மேலே புல். அதையும் நான்கு பக்கமும் அளந்தேன். மொச்சைக் குழம்பு அவ்வளவு காரம்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்றேன்.

"அவுரு போயி ஆறு வருசமாவுது" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் காகிதம். குடியிருக்கும் இடத்துக்கு வன உரிமைப் பட்டா கேட்டு மனு போட்டிருக்கிறாள். இரண்டாயிரத்து ஐந்து டிசம்பருக்கு முன்பே அந்த இடத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். ரேஷன் கார்டில் ஊர் பெயர் இருக்கிறது, இடம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதற்கு மேல் ஏதாவது பேப்பர் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை.

"நம்ம வூட்ட பேப்பர்ல வரைஞ்ச தம்பி இருக்கான்டின்னு அவுரு சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. இந்த ஆபீசு தெறந்திருக்குன்னு கீழ ஒரம் வாங்கிக்கினு வந்தவங்க சொன்னாங்க. அதான் மொத பஸ்ஸுக்கே வந்துட்டன்."

"நான் இன்னாக்கா பண்ணணும்?"

"நீதான சொன்ன தம்பி. கை களுவிக்கினே சொன்ன. உங்க வூடு கவருமெண்டு பேப்பர்ல ஏறிடுச்சிக்கா, இனிமே எந்தக் கொம்பனும் அசைக்க முடியாதுன்னு."

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அந்த வயதில் சோறு போட்ட இடத்திலெல்லாம் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வருவது என் வழக்கம். சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு மனுஷன் அதை எடுத்துவைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் நம்புவான், பிறகு பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழில்மதி கம்ப்யூட்டரில் வெள்ளிமலை கலையரங்கத்தை எடுத்தாள். ஏழு தாள்கள். இடத்தின் வரைபடம் மூன்றாம் தாள். எனக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று. அதைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விடாதா என்று பார்த்தேன். போகவில்லை.

சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் இடத்தை அவளால் படிக்க முடிந்தது. ஓடை எது என்று கேட்டாள், காட்டினேன். வழுக்குப்பாறை எது என்று கேட்டாள், காட்டினேன். பிறகு கேட்கவில்லை. ஓடையிலிருந்து விரலை அவளே நகர்த்திக்கொண்டு போனாள். கோணலில்லாமல் வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்கதான் வூடு. இது இன்னா, வட்டமா?"

"மரம்க்கா."

"அங்க ஏதுப்பா மரம்?"

நான் எழில்மதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அழகான மரம் அது. முப்பத்திரண்டு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் குஞ்சம் குஞ்சமாக இலை. சாரிடம் இருந்த காலத்தில் நான் வரைந்த மரங்களிலேயே நல்ல மரம்.

சொல்லிவிட்டேன். முதலில் அந்த இடத்தில் வீட்டைத்தான் வரைந்தேன். இடம் பார்க்க வந்த அரசாங்கக் குழுவில் ஒருவர், காலி இடம் என்று காட்டினால்தான் ஃபைல் நகரும் என்றார். சார் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், "அவங்களுக்கு வேற எடத்துல நல்ல வீடா வாங்கிக் குடுத்துடலாம் ரெக்ஸ். இப்போதைக்கு எடுத்துடு" என்றார். கெட்டவர் இல்லை. அரங்கம் வந்தால் மலைக்கே நல்லது என்று நம்பினார். டிரேசிங் தாளில் மை பட்டால் ரப்பரால் போகாது. பிளேடை உறையோடு பாதியாக உடைத்து, அதன் முனையால் தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும். தூளை ஊதிவிட்டு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நான்கு சுவருக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆனது. சுரண்டிய தடம் தெரியக் கூடாதென்று மேலே மரத்தைப் போட்டேன். "நல்லாருக்குடா" என்றார் சார். அரங்கம் வரவேயில்லை. வராத கட்டிடத்துக்காக ஒரு வீட்டை இடித்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இந்தக் கடைசி வரியை அவளிடமும் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பிளாஸ்டிக் கவருக்குள் காகிதத்தை வைத்தாள். அதை இன்னொரு கவருக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அழிச்சது நீதான? திரும்பப் போட்டுக் குடு."

எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூலத்தாள் தகரக் குழாய்க்குள் பத்திரமாக இருந்தது. அன்று வரைந்த மைப் பேனா மேசை டிராயரில் கிடந்தது. காய்ந்துபோயிருந்தாலும் சுடுதண்ணீரில் போட்டால் எழுதும். நான்கு கோடு. இருந்த வீட்டை இருந்த இடத்தில் போடுவது எப்படிப் பொய்யாகும்? டிராயரை இழுத்தேன்.

"சார், வேணாம்" என்றாள் எழில்மதி. "நேத்து சாயங்காலம் ஒப்படைச்சாச்சு. சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போட்டீங்க. இனிமே இதுல ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது."

"ஒரு நாள் முந்தி வந்திருந்தா?"

"வந்திருந்தாலும்தான். புது மைன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிடும் சார். அப்புறம் அம்மாவ ஏமாத்துக்காரின்னு சொல்லிடுவாங்க."

டிராயரை மூடினேன். கீழே உரக்கடையில் மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. சாலம்மாள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். நான் எழுதி நிறுத்திய இடத்தில் பேனா கிடந்தது.

"இதுல இன்னா கேக்குது?"

"கட்டுனாங்களான்னு கேக்குதுக்கா."

"கட்டுனோமே" என்றாள். "நானும் அவுரும்தான் கட்டுனோம். மண்ணு முச்சூடும் நான் மிதிச்சன். எம் பொண்ணு கலா அப்ப வவுத்துல ஏழு மாசம்."

எழில்மதி எழுந்துபோய்த் தகரக் குழாயைக் கொண்டுவந்தாள். மூலத்தாளை உருவி, ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து, இரண்டு மூலையையும் கையுறை விரல்களால் பிடித்துக்கொண்டாள். வெயில் நேராக அந்தக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. பிரின்ட்டில் தெரியாதது, ஸ்கேனில் தெரியாதது, அங்கே தெரிந்தது. மரத்துக்குள்ளே, கிளைகளுக்குப் பின்னால், ஒரு சதுரம். பிளேடு போன வழியெல்லாம் தாள் மெலிந்து, மற்ற இடத்தைவிட வெளிச்சம் அதிகமாக வந்தது. நான்கு சுவரும் வெளிச்சக் கோடுகளாக நின்றன.

எழில்மதி என்னைத் தாளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செல்போனில் நான்கைந்து படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் ஜன்னல் வெள்ளையாகத்தான் விழுந்தது. "எங்க லேப்ல நல்லா எடுக்கலாம் சார். ஆனா தலைமைக்கு லெட்டர் போட்டு, அனுமதி வாங்கி..." என்று இழுத்தாள். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மிஞ்சியது நான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். இன்ன வருஷம், இன்ன மாதம், இந்த இடத்தில் முனியன், சாலம்மாள் குடியிருந்த வீட்டை நான் என் கையால் அளந்தேன். வரைபடத்தில் அதைக் காட்டினேன். பிறகு நானே சுரண்டி எடுத்தேன். அரசாங்கத்துக்குப் போன வரைபடத்தில் பொய் வரைந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவனிடம் நாளைக்கு எவன் வீட்டு பிளான் போடக் கொடுப்பான் என்ற கவலை நடுவில் ஒருமுறை வந்தது. கை நின்றது. பிறகு எழுதியது. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு விசாரணையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை சுரண்டியவன் பேச்சை யார் நம்புவது என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

படித்துக் காட்டினேன். கவருக்குள் கவராக வைத்துக்கொண்டாள்.

"நீயும் வரியா, வெள்ளிக்கெளம?"

"வரன்க்கா."

"சும்மா சொல்றியா?"

இந்த முறை வேடிக்கையாக எதையும் சேர்க்கவில்லை. "வரன்க்கா" என்றே மறுபடியும் சொன்னேன்.

வெள்ளிமலை பஸ் இரண்டரைக்கு. கிளம்பினவள் படி வரை போய்த் திரும்பிவந்தாள். எழில்மதி மறுபடியும் ஜன்னலில் தாளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாலம்மாள் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சதுரத்தின் ஒரு பக்கத்தில் வெளிச்சக்கோடு கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அங்கே சுரண்ட எதுவும் இருக்கவில்லை. வாசலுக்காக நான் அப்போதே விட்ட இடைவெளி அது.

"வாசப்படி கெழக்கால" என்று அதன்மேல் விரலை வைத்தாள். "சரியாத்தான் போட்டிருக்க தம்பி."

அவள் படியிறங்கிப் போனபின் எழில்மதி தாளை மேசையில் விரித்தாள். படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி, தாளின் நிலை. கிழிசல், பூச்சி அரிப்பு, கறை. அவள் துடைக்கப் பஞ்சை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள். டிரேசிங் தாளில் எண்ணெய்க் கை பட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மரத்தின் அடியில், வாசல் இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு அப்படி ஆகியிருந்தது. அதன் வழியாக மேசையின் மரம் தெரிந்தது.