எந்தத் திட்டு எந்த ஆட்டத்துக்கு?

பளபளா அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பேனா கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கி வைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு சமுதாயக் கல்லூரியில் நூலக, ஆவண உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். 'பளபளா' என்பது கூடப் படித்த பொடிசுகள் இரண்டாம் நாளே வைத்த பெயர். அக்காவுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு பழைய காகிதப் பெட்டி; அதை ஆவண அறையில் வைக்கத் தயார் செய்து கொடுக்க வேண்டும். நன்றாக முடிப்பவருக்குக் கல்லூரி ஆவண அறையிலேயே அரைநாள் வேலை. அந்த வேலைக்காக அக்கா தவம் கிடந்தாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு மேசை அவளுக்கு இருந்ததில்லை.

அவளுக்கு வாய்த்தது ஒரு கால்பந்து நடுவரின் பெட்டி. மனிதர் விசில் ஊதியதோடு விடாமல், வாங்கிய வசவுகளையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆட்டத்தின் அறிக்கை, செய்தித்தாள் துண்டு, 'உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?' வகைக் கடிதங்கள், எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு ஒரு கிளிப். துருப்பிடித்த கிளிப்பைக் கழற்ற வேண்டும் என்பது பாடம். கழற்றினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை கேட்டால்தானே! பெரிய தாள் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், கடிதமெல்லாம் தனி அடுக்கு என்று பெட்டியையே புதுசாக்கிவிட்டாள்.

டீச்சர் அவளைவிட ரொம்ப இளையவள். பெட்டியைத் திறந்ததும் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, 'போய் மாடு மேய்'னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அது எந்த மேட்சுக்கு?"

அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடிதத்தில் தேதி இல்லை. திட்டுகிறவன் தேதி போட்டா திட்டுவான்?

"அவர் வச்ச வரிசையக் கலைக்கக் கூடாதுன்னு படிச்சோமே அக்கா."

"படிச்சேன் டீச்சர். ரெண்டு கலர்ல கோடுகூடப் போட்டேன்." நோட்டை விரித்தும் காட்டினாள். டீச்சருக்கே பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தாள்.

வீட்டில் எலெக்ட்ரீஷியன் கணவர் சுலபமாக வழி சொன்னார். "ஏதோ ஒரு கணக்குல சேத்துக் குடுத்துடு. திட்டுனவன் வந்து கேக்கவா போறான்?"

"உங்க வயரை நான் ஏதோ ஒரு கணக்குல மாட்டிக் குடுக்கட்டுமா?" என்று எரிந்து விழுந்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு நழுவினார்.

மறுநாள் தாள்களைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. கிளிப் போனாலும் துருக்கறை போகவில்லை. கட்டுக்குக் கட்டு வேறு இடம், வேறு சாய்வு, அடித்தாள்வரை ஊறிய கறை.

"அட, இங்கதான் இருக்கியா!" என்று கத்தியேவிட்டாள்.

கறைக்குக் கறை பொருத்திப் பார்த்தாள். 'மாடு மேய்' கடிதமும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த ஆட்டத்தில் நிஜமாகவே மைதானத்துக்குள் மாடு புகுந்து, நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். நடுவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். கறையும் இல்லை, தேதியும் இல்லை. மாடு புகுந்த ஆட்டத்தின் கட்டுக்குள் சொருகினால் கனகச்சிதம். இந்த ஒன்றால் வேலை கைநழுவிப் போனால்? சொருகினாள். மனசு கேட்காமல் உடனே உருவினாள். தனி உறையில் போட்டு மேலே எழுதினாள்: 'இந்தப் படம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பெட்டியைக் கலைத்தவள் நான்.'

வெள்ளிக்கிழமை டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். "மாட்டுக் கட்டுல வச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன் அக்கா."

"தெரியும் டீச்சர். அதான் பயந்தேன். நீங்க நம்பிடுவீங்க. உங்களுக்கு அப்புறம் பாக்குறவங்களும் நம்பிடுவாங்க."

டீச்சர் பெட்டியை மூடினாள். "திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடுங்க. வகுப்புக்கு இல்ல, வேலைக்கு."

அக்காவுக்கு அழுகை முந்திக்கொண்டது, சிரிப்பு பின்னாலேயே வந்தது.

"ஒம்போதா? எட்டரைக்கே வந்துடுறேன் டீச்சர்!"