மாப்பிள்ளை விற்பனைக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதையைத் தேடிப் போகவில்லை, டிரெட்மில்லைத் தேடித்தான் போனேன். என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "நடங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தெருவில் இறங்கி நடக்க எனக்குச் சோம்பல். 'டிரெட்மில் விற்பனைக்கு. வீடு மாறுகிறோம். பயன்படுத்தியதே இல்லை எனலாம்' என்ற விளம்பரம் போனில் கண்ணில் பட்டது. போனேன். வசமாக மாட்டிக்கொண்டேன்.

எப்படித் தொடங்குவது என்பதிலேயே இரண்டு நாள் ஓடிவிட்டது.

'அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அந்த இயந்திரம் ஒரு சிலையைப் போல'

(வேண்டாம். சிலை என்றதுமே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

'வீடு மாறுவது என்பது ஒரு விதத்தில் மனிதன் தன்னையே'

(தத்துவம். அடித்துவிட்டேன்.)

'வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.'

இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

2

வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவர் மனைவி. வந்த நாள் முதல் பின்னறையை அடைத்துக்கொண்டு, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் மரியாதை மட்டும் வாங்கிக்கொள்வதை வேறு எப்படி அழைப்பது?

வாங்கியவர் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் எட்டு நாள் அதில் நடந்தார். ஒன்பதாம் நாள் முழங்கால் வலி. பத்தாம் நாள் வலி நின்றது, கூடவே நடையும் நின்றது. பிறகு அதன் கைப்பிடிகளில் ஈரத்துணி ஏறியது.

"அண்ணி, நீங்களாவது நடங்களேன்" என்றார் ஒருநாள் வீட்டுக்கு வந்த கணவரின் தம்பி.

"நானா? இதுல நான் ஒரு நாள் ஏறினேன்னு தெரிஞ்சா என் பேர மாத்திக் கூப்பிடுங்க" என்றார் மனைவி. அவர் வீட்டிலிருந்தே ஒப்பந்தப் பத்திரங்களை மொழிபெயர்க்கிறவர். சொன்ன சொல்லிலிருந்து லேசில் இறங்கமாட்டார்.

புது வீட்டில் ஓர் அறை குறைவு. சன்னலோரமாக ஒரே ஒரு மூலை மிஞ்சியது. அங்கே சாய்வு நாற்காலி போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கவேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. "மாப்பிள்ளைய வித்துடலாம்" என்றார். மனைவி மறுபேச்சுப் பேசவில்லை.

(மறுபேச்சுப் பேசாத மனைவி! அங்கேயே அவர் சுதாரித்திருக்கவேண்டும். லென்ஸில் மயிரிழைக் கீறலைப் பார்க்கிறவர் இதைக் கோட்டைவிட்டார்.)

3

வாங்க வந்தவரை முதலில் பிசியோதெரபிஸ்ட்டாக எழுதினேன். மிடுக்காக இருந்தது. ஆனால் பொய். வந்தவன் நான்தான், வினையை இழுத்துவிட்டவனும் நான்தான்.

கணவர் சுவிட்சைப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பலகையில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானுக்கு ஓர் எண் வந்தது.

மொத்தத் தூரம்: 611 கிலோமீட்டர்.

"பயன்படுத்தினதே இல்லன்னு போட்டிருந்தீங்களே, சார்?" என்றேன்.

கணவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அந்நியன் அவரைப் பொய்யன் என்று நினைக்கிறான். "எட்டு நாள் சார், சத்தியமா எட்டே நாள். மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது. (அவர் மனசுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், கதாசிரியனுக்கு அந்தச் சலுகை உண்டு.) விளம்பரத்துக்குப் படம் எடுக்க நடைப்பட்டையைத் துடைத்திருந்தார். மூன்று வருடத் தூசி வரவேண்டிய துணி வெள்ளையாகவே வந்தது. அப்போது சந்தோஷப்பட்டார், யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தார். பகலில் வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். அந்த ஆள் தினமும் ஈரத்துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்து, நடந்து முடித்து, அதே வரிசையில் திரும்பப் போட்டிருக்கவேண்டும். சட்டை, துண்டு, சட்டை, கால்சட்டை. வரிசை மாறியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஏமாந்ததற்காக இப்படிக்கூட மனசு நிறையுமா என்று அவருக்கே ஆச்சரியம்.

அடுக்களையில் குழாய்ச் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, பாத்திரமெல்லாம் முந்தின நாளே பெட்டிக்குள் போய்விட்டது.

4

இந்த இடத்தில்தான் எனக்கு மனைவியின் மேல் சந்தேகம் வந்தது. மூன்று வருடப் பிடிவாதக்காரர் எப்படி வாய் திறப்பார்? இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கண் கலங்கி ஓடி வருகிறார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு

(இல்லை. இவர்கள் அந்த ரகம் இல்லை.)

(ஆ) இயந்திரம் விலைபோகிறது. புதுத் தெருவில் இருவரும் தினமும் காலையில் கைவீசி நடக்கிறார்கள்.

(கணவர் நடக்கிறாராம்! எழுதிய எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

5

நடந்தது இதுதான்.

"மிஷின்ல கோளாறுதான்" என்றபடி மனைவி அறை வாசலில் வந்து நின்றார். பார்வை என் மேல் இருந்தது, பேச்சு கணவருக்கு. "அந்த நம்பர் தப்பு."

"அதானே பாத்தேன்" என்றார் கணவர், மனைவி தப்பித்துக்கொள்ளட்டும் என்று.

மனைவி கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். முடியவில்லை.

"கம்மியா காட்டுது. நடுவுல ரிப்பேருக்கு ஆள வரச்சொன்னேன். அவரு போர்டு மாத்தினதும் எல்லாம் சைபருக்குப் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியே நானூறு தாண்டியிருந்தேன்."

கணவர் மெதுவாகக் கூட்டிப் பார்த்தார். "ஆயிரத்துக்கு மேலயா?"

"ஆமா." இப்போது கணவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். "எனக்கு இது வேணுங்க. அந்தக் கால் மணி நேரம்தான் என்னோடது. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. இப்ப சொல்லிட்டேன். உங்க நாற்காலியா, இதுவா, நீங்களே சொல்லுங்க."

கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நான் நின்றிருந்தால் வாங்க வந்தவனுக்கு ஏற்ற மாதிரி ஒரு பதில் சொல்லியிருப்பார். அது அவர்களுடைய பதிலாக இருந்திருக்காது.

ஆகவே வாசகரே, பதில் உங்கள் பொறுப்பு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மாடி இறங்குவதற்குள் மேலே மோட்டார் ஓடும் சத்தமும், அதையும் மீறி இரண்டு பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டன. அதில் ஏறி நின்றது யார் என்று எனக்குத் தெரியாது. படியேறிப் போய் எட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை.