அழுத்தினால் மூடும் தொண்டை

ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தவருக்குத் தசைகளைத் தளர்த்தும் நரம்பு நோய் வந்தது. முதலில் பேச்சு குழறியது. பிறகு இருமக்கூட பலமில்லாமல் போய், சளி நெஞ்சிலேயே கிடந்து கரகரத்தது. ஆஸ்பத்திரியில் இருமல் மெஷின் வைத்தார்கள். மாஸ்க்கை முகத்தில் பொருத்தினால் அது காற்றை உள்ளே தள்ளும். அடுத்த நொடியே வெளியே இழுக்கும். அந்த இழுப்பில் சளியும் வந்துவிட வேண்டும்.

அவருக்கு வரவில்லை. காற்று போகும்போது தொண்டையில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பிசியோதெரபிஸ்ட் அம்மாள் அழுத்தத்தைக் கூட்டினார். அப்போதும் க்ளக்.

“சார், தொண்டைய இறுக்காதீங்க. லூசா விடுங்க.”

“நான்... இறுக்கல.”

அவர் மனைவி தையல்காரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: “விடமாட்டாருங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்ன ஒரு வார்த்த இவர் காதுக்குள்ள போனதில்ல. இப்ப காத்தும் போகமாட்டேங்குது.”

பிசியோ சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. மூன்று நாளும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்றே குறிப்பு எழுதப்பட்டது. நான்காம் நாள் மாஸ்க்கைக் கண்டதும் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி ஊசியைக் கீழே வைத்தாள்.

“இவர் பிடிவாதக்காரர்தான், ஒத்துக்கறேன். ஆனா பொய் சொல்லத் தெரியாது. வண்டி நாலு மணி நேரம் லேட்டுன்னா அப்படியே சொல்லுவார். ‘சிறிது தாமதம்’னு சொல்லுய்யான்னு மேலதிகாரி கெஞ்சினாலும் கேக்கமாட்டார். இறுக்கலன்னா இறுக்கலதான். உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க.”

காது மூக்கு தொண்டை மருத்துவர் வந்தார். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கினார். திரையில் குரல்நாண்கள் வெளிறித் தெரிந்தன. மெஷின் காற்றைத் தள்ளியதும் அவற்றுக்கு மேலிருந்த மடிப்புகள் இரு பக்கமிருந்தும் சரிந்து வழியை அடைத்தன. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகியது.

“இது அவர் செய்யறதில்ல,” என்றார் மருத்துவர். “தொண்ட பலவீனமா இருக்கு. காத்து வேகமா மோதினா தானா மூடிக்குது. கூட்டிக் கூட்டி நாமதான் அடைச்சிருக்கோம்.”

பிசியோவின் முகம் வாடிவிட்டது. “மன்னிச்சிருங்க சார். நான்தான் புரிஞ்சுக்கல.”

அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். நோயாளி தானாக மூச்செடுக்கத் தொடங்கிய பிறகே காற்று மெதுவாக வரும்படி வைத்தார். முதல் தடவை மடிப்புகள் லேசாக ஆடின. மூன்றாம் தடவை வழி திறந்தே இருந்தது; நெஞ்சு உயர்ந்தது. மெஷின் இழுத்ததும் அவரிடமிருந்து முழுசாக ஒரு இருமல் வந்தது. கூடவே கெட்டியாகச் சளி.

“இதையா இத்தன நாள் அடைகாத்தீங்க?” என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் சோறு போட்ட குரல் எங்கிருந்து வந்தது என்பதை இன்றுதான் பார்க்கிறார்.

“இதுவா?”

“அதேதான்,” என்றாள் மனைவி. “உள்ள நல்லா அழகாத்தான் இருக்கு. முகத்துக்கு வர்றதுக்குள்ள தீந்துபோச்சு போல.”

அவர் சிரித்தார். அன்று பிற்பகல் இரண்டு மணி நேரம் கரகரப்பில்லாமல் தூங்கினார். நோய் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மாஸ்க்கை எப்படிப் பிடிப்பது, அழுத்தத்தை எந்த எண்ணில் வைப்பது என்று பிசியோவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் அவள்தான் பிடிக்க வேண்டும்.